"மூண்டு" என எழுதும் பிள்ளை

3 என்ற இலக்கத்தை அழகாக எழுதும் பிள்ளையிடம் அதனையே சொல்லில் எழுதும்படி கேட்டால், "மூண்டு" என எழுதிவிட்டு எமது முகத்தைப் பார்க்கும். முதலாம் ஆண்டு வகுப்புகளில் இது அன்றாடக் காட்சி. அநேகமாக அச்சொல்லின் மேல் ஒரு சிவப்புப் புள்ளடி விழும்.

பிள்ளை செய்தது என்ன? யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நாம் ஒண்டு, ரெண்டு, மூண்டு என்றுதான் கதைக்கிறோம். மலையகத்தில் ஒன்னு, மூனு என்பார்கள். காதில் விழுந்த ஒலிக்கு ஏற்ற எழுத்தைப் பிள்ளை தானே தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. எழுதக் கற்பதில் கடினமான பாதி அதுதான். அதற்குப் புள்ளடி போட்டால், அம்மாவின் வாயில் உள்ள சொல்லே பிழை என்று பிள்ளை விளங்கிக் கொள்ளும். சில பிள்ளைகள் அதன்பின் பார்த்து எழுதுமே தவிர, தாமாக ஒரு சொல்லையும் எழுத மாட்டா.

"நாங்கள் மூண்டு என்று கதைப்போம், மூன்று என்று எழுதுவோம்" என்று சொல்லிக் கொடுப்பதே போதுமானது. இரண்டும் எங்களுடையவை. "ன்று" என்ற முடிவை ஒன்று, மூன்று, கன்று என ஒரே வரிசையில் காட்டினால் பிள்ளை விரைவில் பிடித்துக்கொள்ளும். நாலு என எழுதினால் அதனைப் பிழை என்று சொல்லவே வேண்டியதில்லை. நாலடியார் என்ற நூற்பெயரிலேயே "நால்" இருக்கிறது. நான்கு என்பதைப் பிறகு பழக்கலாம்.

ஒன்றிலிருந்து பத்து வரை வரிசையாகவே எழுதப் பழக்க வேண்டும் என்ற நியதி எமக்கு உடன்பாடில்லை. எண்ணுவதற்கு வரிசை வேண்டும், எழுதுவதற்கு வேண்டியதில்லை. பத்து, எட்டு ஆகியவை பேசுகிறபடியே எழுதப்படுபவை. இரண்டும் ஒரே அமைப்பில் மும்மூன்று எழுத்துக்கள். அவற்றில் தொடங்கலாம். அடுத்து ஆறு, நூறு. இரண்டு என்பதில் வரும் "ர" வேறு, ஆறில் வரும் "ற" வேறு என்பதையும் அங்கேயே காட்டலாம். ஏழுக்கு நாக்கை மடித்து ஒலிக்கப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் "ஏளு" என்றே வரும். ஐந்தைக் கடைசியில் வைப்போம். "ஐ" சின்னக் கைக்குச் சிரமமான எழுத்து.

இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பழைய கலண்டர் மட்டையில் சொல்லை எழுதி, ஒரு சிரட்டையில் புளியங்கொட்டைகளை வைத்து, "எட்டு" என்ற மட்டைக்கு முன்னால் எட்டுக் கொட்டைகளை அடுக்கச் சொல்லுங்கள். சொல்லும் தொகையும் அப்போது சேர்ந்து மனதில் பதியும். அடுத்ததாகப் பரப்பிய மணலில் விரலால் எழுதட்டும். பென்சிலும் கொப்பியும் அதற்குப் பின்புதான். ஒரே சொல்லை இருபது தரம் எழுதிவரச் சொல்வதை நாம் விரும்புவதில்லை. பத்தாவது தரத்தில் கை மட்டும் எழுதும், பிள்ளையின் மனம் முற்றத்தில் நிற்கும்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்பதின் கதையைச் சொல்லலாம். பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்றும் ஒரு பெயர் இருந்தது. தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று ஏன் எழுதுகிறோம் எனக் கேட்கும் பிள்ளைக்கு அது பிடிக்கும்.

இலக்கம் தெரிந்தால் போதாதா எனச் சில பெற்றோர் கேட்பதுண்டு. மாதர் சங்கத்துப் பற்றுச்சீட்டிலும் வங்கிப் படிவத்திலும் தொகையை எழுத்திலும் கேட்பது வீணுக்கல்ல. 500 இன் பின்னால் ஒரு பூச்சியத்தைச் சேர்க்க ஒரு நொடி போதும். ஐந்நூறு என்பதை ஐயாயிரம் ஆக்குவது அவ்வளவு இலகுவல்ல. காசோலையில் இலக்கமும் எழுத்தும் முரண்பட்டால், எழுத்தில் உள்ள தொகையையே சட்டம் ஏற்கும். அந்த வரியை நிரப்ப வேறொருவரிடம் படிவத்தை நீட்டும் தாய்மார் இன்றும் எமது கிராமங்களில் இருக்கிறார்கள். வீட்டில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை இருந்தால், அடுத்த முறை படிவத்தை வீட்டுக்கே கொண்டுவந்து, தாயும் பிள்ளையும் சேர்ந்து அந்த வரியை எழுதிப் பார்க்கலாம்.