பருத்திப் புழுவுக்குப் பெயர் வந்த வரலாறு

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைப் பருத்தி பயிரிடும் அங்கத்தினர் யாவரும் அறிவர். அது குடைந்த காயின் பஞ்சு கறைபட்டு வலுவிழப்பதால், நட்டம் வயலோடு நில்லாது தறிக்கும் வருகிறது. ஆனால் அப்புழுவின் தாயாகிய அந்துப்பூச்சியைக் கண்டவர் சிலரே. அது பழுப்பு நிறமான, இரவில் பறக்கும் சிற்றுயிர். இன்றைய குஜராத்தின் பரூச் பகுதியில் பருத்தியை அழித்த இதனை, 1844ஆம் ஆண்டில் வில்லியம் வில்சன் சாண்டர்ஸ் என்னும் ஆங்கிலேயர் புதிய இனமென விவரித்துப் பெயரிட்டார்.

பெயரிடுதல் வெறும் ஏட்டு வேலையன்று. இக்காலத்தில் ஓர் இனத்தை விவரிப்போர், சிறகின் குறிகளையும் இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பையும் நுணுகி எழுதி, மாதிரிப் பூச்சியொன்றைக் காட்சிசாலையில் காத்து வைக்கின்றனர். பிற்காலத்தார் அதனோடு ஒப்பிட்டே ஐயம் தீர்ப்பர். ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்தில் இதே பெயரால் வழங்கிய புழுவொன்று, அவ்வாறு ஆராய்ந்தபின் வேறோர் இனமென 1926இல் விவரிக்கப்பட்டது.

இதனால் நமக்குப் பயன் யாது? பெண் பூச்சியின் மணத்தால் ஆண் பூச்சியை ஈர்ப்பதே இனக்கவர்ச்சிப் பொறி. இப்பூச்சிக்குரிய மணப்பொருள் 1973இல் கண்டறியப்பட்டது. பச்சைக் காய்ப்புழுவுக்குரிய மணப்பொருளை வைத்தால் இது வாராது. ஆகவே, காயைப் பிளந்து புழு இன்னதெனத் தெளிந்த பின்னரே பொறியை வாங்குமாறு அங்கத்தினரை வேண்டுகிறோம்.