பேருமில்லை... ஆளுமில்லை!

ராத்திரி பூரா கண் முழிச்சு ப்ராஜெக்ட்டை முடிக்கறீங்க. மறுநாள் ரிவ்யூ. வந்தவர் சர்க்யூட்டைப் பார்க்காம, உங்களை ஏற இறங்கப் பார்த்து, 'யாரும்மா செஞ்சு கொடுத்தது?'னு கேட்டா எப்படி இருக்கும்? சுருக்குனு இருக்கும்ல? அந்த வலியை 1857-லயே வரைஞ்சு வெச்சுட்டாங்க, எமிலி மேரி ஆஸ்போர்ன்!

படத்தைப் பாருங்க. லண்டன்ல ஒரு ஓவியக் கடை. வெளியே மழை. கறுப்பு டிரெஸ்ல ஒரு பொண்ணு, பக்கத்துல ஒரு சின்னப் பையன். அவ கொண்டுவந்த ஓவியத்தைக் கடைக்காரர் சந்தேகமா பார்க்கறார். அவ தலை குனிஞ்சு, கையில நூலைத் திருகிட்டு நிக்கறா. பக்கத்துல நாற்காலி காலி. 'உட்காரும்மா'னு சொல்லத்தான் ஆளில்லை. ஓரமா இருக்கற ரெண்டு கனவான்கள், கையில இருக்கற டான்ஸர் படத்தை விட்டுட்டு இவளையே பார்க்கறாங்க. படத்தோட பேரு, 'நேம்லெஸ் அண்ட் ஃப்ரெண்ட்லெஸ்'!

எமிலி 1828-ல் பிறந்தவங்க. பாதிரியார் வீட்டுல ஒன்பது குழந்தைகள்ல மூத்தவங்க. ராயல் அகாடமி ஸ்கூல்ல அப்போ பெண்களுக்கு சீட் இல்லை. அதனால தனியா வகுப்புகளுக்குப் போய்க் கத்துக்கிட்டு, 1851-ல் அதே அகாடமி கண்காட்சியில படம் வெச்சாங்க. கூத்தைப் பாருங்க... சுவத்துல படம் மாட்டலாம், கிளாஸ்ல உட்காரக் கூடாது!

விடுவாங்களா? 'எங்களையும் சேர்த்துக்கங்க'னு 1859-ல் பெண் ஓவியர்கள் மனு போட்டாங்க. எமிலியும் கையெழுத்து போட்டாங்க. அடுத்த வருஷம் லாரா ஹெர்ஃபோர்டு, முழுப் பேரை எழுதாம இனிஷியலோட படங்களை அனுப்பினாங்க. ஆம்பளைனு நினைச்சு சீட் கொடுத்துட்டாங்க. அப்படித்தான் கதவு திறந்துச்சு!

எமிலி ஜெயிச்சாங்க. அவங்க வரைஞ்ச 'தி கவர்னஸ்' ஓவியத்தை விக்டோரியா ராணியே வாங்கினாங்க. போர்ட்ரெய்ட்டும் வரைஞ்சாங்க. பெண்களுக்காக கேம்பிரிட்ஜ்ல கிர்ட்டன் கல்லூரி உருவாகப் பாடுபட்ட பார்பரா போடிஷானை வரைஞ்சதும் இவங்கதான். தனக்குப் பேர் கிடைச்ச பிறகும், பேர் கிடைக்காதவங்களை இவங்க மறக்கலை. 1925-ல் எமிலி இறந்துட்டாங்க. அந்தக் கடைப் படத்தை லண்டன் டேட் கேலரி 2009-ல் வாங்குச்சு.

அடுத்த தடவை ஒரு ஜூனியர் பொண்ணு ப்ராஜெக்ட்டோட தயங்கி நின்னா, முதல்ல ஒரு சேர் எடுத்துப் போடுங்க. அப்புறம் ஆளை விட்டுட்டு, வேலையைப் பாருங்க பாஸ்!