வாடகைக் குப்பைத் தொட்டி

பழைய வீட்டைப் புதுப்பிக்க முற்படுவோர்க்கு, இடிபாடுகளை எங்கே கொட்டுவது என்னும் கவலை முதலில் எழும். உடைந்த ஓடும், உளுத்த மரமும், கிழிந்த மெத்தையும் முற்றத்தில் மலைபோற் குவிந்துவிடும். அமெரிக்க நாட்டில் இக்கவலையைத் தீர்க்க ஒரு வழி வழக்கில் உள்ளது. பெரியதோர் இரும்புத் தொட்டியைச் சில நாள்களுக்கு வாடகைக்கு அமர்த்துவர். தொட்டிக்கு உரியோர் அதனைப் பாரவண்டியில் ஏற்றிவந்து வாயிலில் இறக்கி வைப்பர். நிரம்பியபின் வந்து எடுத்துச் செல்வர்.

இத்தொட்டியை அந்நாட்டார் 'டம்ப்ஸ்டர்' என்பர். டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் வாழ்ந்த ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் என்பவர், குப்பைப் பெட்டியை வண்டியே தூக்கிக் கவிழ்க்கும் பொறியமைப்பினை 1930களில் உருவாக்கினார். அவருடைய பெயரோடு, கொட்டுதலைக் குறிக்கும் 'டம்ப்' என்னும் ஆங்கிலச் சொல் இணைந்து இப்பெயர் பிறந்தது. நாளடைவில் அது பெருந்தொட்டிகள் பலவற்றிற்கும் பொதுப்பெயர் ஆயிற்று.

வாடகைத் தொட்டிகள் பெரும்பாலும் 10 கன கெசம் முதல் 40 கன கெசம் வரை கொள்ளளவு உடையவை. மரச்சட்டம், உடைந்த மேசை நாற்காலி, கம்பளம், துணி, சுவர்ப்பூச்சு, தரையோடு முதலியவற்றை இவற்றில் இடலாம். ஆயினும், விளிம்புக்கு மேல் குவித்தல் ஆகாது. வண்டி விரையும்போது மேலுள்ள பொருள் சரிந்து, பின்வருவோர்மீது விழக்கூடும் அன்றோ? எடையும் கருதத்தக்கது. ஒரு கன மீட்டர் கற்காரை ஏறத்தாழ 2,400 கிலோ எடையுள்ளது. பெருந்தொட்டியைக் கல்லால் நிரப்பினால் வண்டி அதனைத் தூக்க இயலாது. ஆதலின், கல்லுக்கும் மண்ணுக்கும் சிறு தொட்டியையே தருவர். பிற பொருள் கலவாத கற்காரையை நொறுக்கிச் சாலை அமைக்கவும் பயன்படுத்துவர்.

இனி, இடக்கூடாதவை யாவை என்று காண்போம். அவற்றை மனப்பாடம் செய்யவேண்டுவதில்லை. தொட்டியில் இட்ட பொருள் எவ்வழியே எங்குச் செல்கின்றது என்று எண்ணிப் பார்த்தால் விடை தானே விளங்கும்.

குப்பை முதலில் தொழிலாளர் கைக்குச் செல்கின்றது. அவர்கள் அதனைக் கொட்டிப் பிரிப்பர்; பொறியிலிட்டு நசுக்குவர். எரிவாயு உருளை நசுங்கினால் வெடிக்கும். லித்தியம் மின்கலம் நசுங்கினால் தீப்பற்றும். பழங்கட்டடங்களில் உள்ள கல்நார் உடைந்தால், கண்ணுக்குப் புலப்படாத அதன் இழைகள் மூச்சுவழி நுரையீரலுட் புகுந்து, பல்லாண்டு கழித்தும் புற்றுநோய் விளைக்கும். ஆதலின் இம்மூன்றும் விலக்கப்பட்டன.

அடுத்தது காற்று. பழைய குளிர்பதனப் பெட்டிகளில் உள்ள வாயு வெளிப்பட்டால், கதிரவனின் கொடிய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலம் சிதையும். எனவே அவ்வாயுவை முன்னரே வாங்கிவிட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

இறுதியாக, மண்ணும் நீரும். எஞ்சிய குப்பை பெருங்குழிகளிற் புதைக்கப்படுகின்றது. ஆங்கே எண்ணெய் வண்ணம், பூச்சிக்கொல்லி, பாதரச விளக்கு, ஈய மின்கலம் ஆகியவற்றின் நஞ்சு கசியும். வண்டியில் ஒருமுறை மாற்றிய பழைய எண்ணெயே 10 லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு முகமை கூறுகின்றது. உருளிப்பட்டைகளோ புதைத்த இடத்தில் தங்காமல் மேலெழுந்து வந்து குழியின் மூடாக்கைக் கிழிக்கும்.

புதைத்த பொருள் ஒழிந்துவிடும் என்று எண்ணியதன் விளைவை நியூயார்க் மாநிலத்து நயாகரா ஃபால்ஸ் நகரம் கண்டது. ஆங்கு 'லவ் கால்வாய்' எனப்பட்ட, பாதியிற் கைவிடப்பட்ட கால்வாய் ஒன்று இருந்தது. 1942 முதல் 1953 வரை ஒரு வேதிப்பொருள் நிறுவனம் அதில் ஏறத்தாழ 21,000 டன் கழிவுகளைப் புதைத்து மண்ணால் மூடியது. பின்னர் அந்நிலம் ஒரு டாலர் விலைக்குப் பள்ளி வாரியத்தின் கைக்கு வந்தது. அதன்மேல் பள்ளி எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல, நஞ்சு கசிந்து வீடுகளின் நிலவறைகளிற் புகுந்தது. 1978இல் அப்பள்ளி மூடப்பட்டது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடு துறந்து வெளியேறின. இத்தகைய இடங்களைத் தூய்மை செய்வதற்கென 1980இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மூடிய மண்ணின்மேல் ஓடியாடிய சிறுவர்களுக்கு அடியில் உள்ளது யாது என்று எவ்வாறு தெரியும்?

விலக்கிய பொருள்களைச் சேர்ப்பதற்கும் இடங்கள் உள்ளன. நச்சுக் கழிவுகளை வாங்கிக்கொள்ள ஊராட்சிகள் பல தனி நாள்களைக் குறிக்கின்றன. பழைய மின்கலத்தையும் உருளிப்பட்டையையும் விற்பனையாளரே ஏற்பதுண்டு. இருந்தும், அலுப்பின் காரணமாக வண்ணக் குவளையை மரத்துண்டுகளின் அடியில் மறைத்து வைப்போர் உளர். கண்டறியப்பட்டால் தண்டப்பணம் செலுத்த நேரும். கண்டறியப்படாவிட்டால், முன்பின் அறியாத ஒரு தொழிலாளியின் கையிலோ, பிறர் பருகும் நீரிலோ அத்தீங்கு சென்று சேரும்.

மாணவர்களே, ஒரு பொருளை எறியுமுன் இதனைத் தொடுபவர் யார், இது கலக்கும் காற்று எது, இது சேரும் நீர் எது என்று எண்ணிப் பாருங்கள். எறிந்த பொருள் நம் கண்ணுக்கு மறையும்; உலகை விட்டு மறைவதில்லை.