பத்து... ஒன்பது... எட்டு!

குட்டீஸ், சூரமங்கலம் பக்கம் போயிருக்கிறீர்களா? சேலம் ஜங்ஷன் இருப்பது அங்கேதான். ஈரோடு வண்டி எத்தனையாவது பிளாட்பாரம், சென்னை வண்டி எத்தனை மணிக்கு என்று எந்தக் குழப்பம் வந்தாலும் விசாரணை கவுன்டரில் கேட்டுவிடலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள். மனதுக்குள் குழப்பம் வந்தால் யாரிடம் கேட்பது?

இதற்கு ஒரு பதில் பிறந்த கதையிலும் ரயில் நிலையம் வருகிறது! மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் பாடம் நடத்தியவர் ஜெரூ பில்லிமோரியா. ரயில் நிலையங்களிலும் தெருக்களிலும் வாழ்ந்த பிள்ளைகளோடு பழகியவர், 'அவசரம் என்றால் கூப்பிடுங்கள்' என்று தன் வீட்டு போன் நம்பரையே கொடுத்துவிட்டார். அவ்வளவுதான், ராத்திரி பகல் பார்க்காமல் போன் அடிக்க ஆரம்பித்தது! காய்ச்சல், காயம் என்று சிலர். பேச ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவே சிலர்.

ஒரு வீட்டு போன் எப்படிப் போதும்? 1996-ல் மும்பையில் 'சைல்டுலைன்' தொடங்கியது. எண் 1098. 'ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு' என்று படிக்காதீர்கள். பத்து, ஒன்பது, எட்டு! மறக்குமா? பிறகு நாடெங்கும் பரவி, 2023 முதல் அரசே ஏற்று நடத்துகிறது. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது.

"வீடு இருக்கு, அம்மா அப்பா இருக்காங்க. நமக்கு எதுக்கு இதெல்லாம்?" என்கிறீர்களா? சரி, திங்கட்கிழமை காலையில் மட்டும் உங்களுக்கு வயிறு வலித்தது உண்டா? எனக்குக் கணக்குப் பரீட்சை அன்று தவறாமல் வலிக்கும். பாட்டி ஓமத் தண்ணீர் கொடுப்பார். பரீட்சை முடிந்து மணி அடித்ததும் வலி போன இடம் தெரியாது!

அது நடிப்பு இல்லை. பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் அதிகமாகச் சுரக்கும். இதயம் படபடக்கும்; ஜீரண வேலை மந்தமாகும்; வயிறு பிசையும். புலியைக் கண்டால் தப்பி ஓடுவதற்காக உடம்பு செய்து வைத்திருக்கும் ஏற்பாடு இது. புலிக்கும் கேள்வித்தாளுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது, பாவம்!

வலித்தால் முதலில் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும். உடம்பில் கோளாறு இல்லை என்று அவர் சொன்ன பிறகும் வலி வந்தால், மனநல ஆலோசகரைப் பார்க்கலாம். அங்கே ஊசி கிடையாது. நீங்கள் பேசுவீர்கள், அவர் கேட்பார். பேச வராவிட்டால் படம் வரைந்தும் சொல்லலாம். வகுப்பில் எழுந்து நின்று படிக்கப் பயமா? முதலில் வீட்டில் தம்பியிடம் படித்துக் காட்டு, அப்புறம் ஒரு சிநேகிதியிடம், பிறகு டீச்சரிடம் மட்டும் என்று படிப்படியாகப் பழக்குவார். ஒரே நாளில் சரியாகாது. சில வாரங்கள் ஆகும். நீங்கள் சொன்னதை ஊரெல்லாம் சொல்ல மாட்டார். உங்களுக்கு ஆபத்து என்றால் மட்டும், காப்பாற்ற வேண்டியவர்களிடம் சொல்வார். 'பைத்தியம்தான் அங்கே போகும்' என்று யாராவது கேலி செய்தால் விட்டுத் தள்ளுங்கள். கண்ணாடி போட்டவரை 'சோடாபுட்டி' என்பார்களே, அந்த ரகம்தான் இதுவும்.

ஆனால், நமக்கு என்ன வேண்டும் என்பதை நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். "ஸ்கூலே பிடிக்கலை" என்று மொட்டையாகச் சொன்னால் திட்டுதான் கிடைக்கும். "வேன்ல ஒரு அண்ணன் தினமும் என் பையைப் பிடுங்கறான்மா. பயமா இருக்கு. நீங்க வந்து மிஸ்கிட்ட பேசணும்" என்று சொல்லிப் பாருங்கள். என்ன நடந்தது, மனசு எப்படி இருக்கிறது, என்ன உதவி வேண்டும் என்ற மூன்றும் வந்துவிட்டதே! அம்மா சமையல் அவசரத்தில் இருந்தால் ராத்திரி சொல்லுங்கள். அப்போதும் காதில் விழவில்லையா? சித்தியிடம், தாத்தாவிடம், பிடித்த டீச்சரிடம் போங்கள். இது அடம் இல்லை. தங்களைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்று 1989-ல் ஐ.நா. சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 12-வது பிரிவு சொல்கிறது. 1992-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

ஒருவருமே கேட்கவில்லை என்றால், பத்து, ஒன்பது, எட்டு இருக்கிறது. 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416-லும் தமிழில் பேசலாம். போன் போட்டுவிட்டு, வார்த்தை வராமல் சும்மா இருப்பவர்களும் உண்டு. அதற்கு 'மௌன அழைப்பு' என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இன்று பேசாமல் வைத்தவர் நாளை மறுபடி கூப்பிட்டுப் பேசலாம்.