வகுப்பறைச் சத்தத்தை அடக்கிய விளையாட்டு... ஆராய்ச்சியில் கைகோத்த டீச்சர்!

பாடம் நடக்கும்போதே எழுந்து நடப்பது, அனுமதி கேட்காமல் பேசுவது... எந்த ஊர் டீச்சரைக் கேட்டாலும் சொல்லும் புகார் இது. 1960-களின் இறுதியில், அமெரிக்காவின் கன்சாஸ் மாகாணத்தில் ஒரு நான்காம் வகுப்பிலும் இதே கதைதான். மொத்தம் 24 மாணவர்கள். அவர்களில் 7 பேர், பலமுறை தலைமை ஆசிரியரிடம் அனுப்பப்பட்டவர்கள்.

வகுப்பு ஆசிரியை மியூரியல் சாண்டர்ஸ், 'நிபுணர்கள் பார்த்துக்கொள்ளட்டும்' என ஒதுங்கவில்லை. ஹேரியட் பேரிஷ், மான்ட்ரோஸ் வுல்ஃப் என்ற ஆய்வாளர்களோடு தானும் ஓர் ஆய்வாளராகச் சேர்ந்தார். அப்படிப் பிறந்ததுதான் 'நன்னடத்தை விளையாட்டு'.

விதி எளிது. வகுப்பு இரண்டு அணியாகப் பிரியும். யாராவது விதியை மீறினால், அவருடைய அணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு விழும். கோடு குறைவாக உள்ள அணிக்கு வெற்றி. இரண்டு அணிகளுமே 5 கோடுகளைத் தாண்டாவிட்டால், இருவருக்கும் வெற்றி!

பரிசு? மதிய உணவு வரிசையில் முதலிடம், பெயருக்கு நேராக ஒரு நட்சத்திரம், கடைசி அரை மணி நேரம் பிடித்த வேலை. பைசா செலவில்லை. எல்லாமே வகுப்பறையில் ஏற்கெனவே இருப்பவை.

கணக்குப் பாடவேளையில், கவனிக்கப்பட்ட நேரத் துளிகளில் 96 சதவிகிதத்தில் கேட்ட பேச்சு, 19 சதவிகிதமாக இறங்கியது. இடத்தைவிட்டு எழுவது 82-லிருந்து 9 ஆனது. விளையாட்டை நிறுத்திப் பார்த்தார்கள், சத்தம் திரும்பியது. மீண்டும் தொடங்கினார்கள், அடங்கியது.

சிக்கலும் வராமல் இல்லை. 'நாங்கள் விளையாட மாட்டோம்' என்று இரண்டு மாணவர்கள் முரண்டு பிடித்தார்கள். அவர்களால் மொத்த அணியும் தோற்கக் கூடாது என்பதால், அவர்கள் அணியிலிருந்து தனியே பிரிக்கப்பட்டார்கள். நிஜ வகுப்பறையில் நடத்திப் பார்த்தால்தான் இப்படிப்பட்ட சிக்கலும் தெரியும், தீர்வும் கிடைக்கும்.

1969-ல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையில், பேரிஷ், வுல்ஃப் பெயர்களோடு சாண்டர்ஸின் பெயரும் இடம்பெற்றது.

1985-ல் பால்டிமோர் நகரின் முதல் வகுப்புகளுக்கு இந்த விளையாட்டு போனது. அந்தக் குழந்தைகளை 19 - 21 வயதுவரை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தனர். சிறுவயதில் முரட்டுத்தனம் காட்டிய ஆண் பிள்ளைகளில், இதை விளையாடியவர்களிடம் போதைப் பழக்கப் பாதிப்பு குறைவாகவே இருந்தது.

பிள்ளைகளின் மனதைப் படிக்க ஆய்வாளர்கள் பள்ளிக்கு வரும்போது, டீச்சரிடம் கேள்வித்தாளை நீட்டினால் மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு நாற்காலியும் போட வேண்டும்!