முதுகுக்கு ஏற்ற பை



எங்கள் பள்ளிக்கு வரும் சாலையில் ஒரு பழைய புளியமரம் உண்டு. அதன் நிழலில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் நீண்ட கல் ஒன்றைக் குறுக்கே கிடத்தியிருக்கிறார்கள். அதுதான் சுமைதாங்கி. முற்காலத்தில் தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர்கள், பிறர் கை கொடுக்காமலே சுமையை இறக்கி வைத்து இளைப்பாறவும், மறுபடி தாமே ஏற்றிக்கொண்டு போகவும் அது உதவியது. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக இத்தகைய கற்களை நடுவது நம் நாட்டு வழக்கமாக இருந்தது.

ஐந்து ஆண்டுகளாக நாங்கள் அந்தக் கல்லைக் கடந்து வந்தும் அதைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. எங்களை நினைக்க வைத்தவள் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி. அவள் பெயரை இங்கே எழுதவில்லை. “மற்றதையெல்லாம் எழுதுங்கள். பெயர் மட்டும் வேண்டாம்” என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

ஒன்பதாம் வகுப்பில் அவள் தன் புத்தகப் பையை எப்போதும் வலது தோளில் மட்டுமே மாட்டிக்கொண்டு வருவாள். நாங்கள் அதை ஒரு நாகரிகம் என்று எண்ணிக் கேலி செய்தோம். காலை வழிபாட்டு வரிசையில் “நேராக நில்” என்று அவளுக்கு அடிக்கடி சொல்ல வேண்டியிருந்தது. வீட்டிலும் அம்மாவிடம் இதே திட்டுத்தான். விளையாட்டு விழாவுக்காக உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு நாள், குனிந்து கால் விரல்களைத் தொடச் சொன்னார் எங்கள் உடற்கல்வி ஆசிரியை. எல்லாரும் குனிந்தோம். அவர் அவள் பின்னால் வந்து நின்றார். முதுகின் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட மேடாக இருந்தது. ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் அவளைத் தனியே அழைத்துப் பேசிவிட்டு, அன்று மாலையே அவளுடைய அம்மாவை வரச் சொன்னார்.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது என்றார். இதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். அதன் பிறகுதான் அவள் எங்களிடம் உண்மையைச் சொன்னாள். அவளுடைய வலது தோள் சற்று உயர்ந்திருந்தது. பையை மாட்டியிருப்பதால்தான் தோள் தூக்கியிருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொள்ளட்டும் என்றே அந்தத் தோளில் மாட்டினாளாம். ஓராண்டுக் காலம் அவள் வலியைப் பொறுத்துக்கொண்டு மறைத்திருக்கிறாள். நாங்களோ சிரித்திருக்கிறோம்! இதை எழுதும்போதும் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

பையா காரணம்?

“பை தூக்கித்தான் இப்படி ஆகிவிட்டதா, டாக்டர்?” என்று அவளுடைய அம்மா அழுதுகொண்டே கேட்டாராம். மருத்துவர் இல்லை என்றார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த வளைவு ஏன் வருகிறது என்பதற்குக் காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பத்து வயதுக்கு மேல் உடல் வேகமாக வளரும் காலத்தில் இது வெளிப்படுகிறது. வளைவு அதிகமாகிச் சிகிச்சை தேவைப்படுவது ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கே மிகுதி. கூனி நடப்பதாலோ, பை சுமப்பதாலோ இந்த நோய் உண்டாவதில்லை. ஆனால் ஏற்கெனவே வருந்துகிற முதுகில் பெருஞ்சுமையை ஏற்றினால் வலி கூடும். நோயில்லாத முதுகும் அளவுக்கு மீறிய சுமையால் வலிக்கத்தான் செய்யும்.

வளைவு ஏறக்குறைய 25 முதல் 40 பாகை வரை இருந்து, வளர்ச்சியும் மீதியிருந்தால், வளைவு மேலும் கூடாமல் தடுக்கப் பிரேஸ் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் கவசத்தை அணிவிக்கிறார்கள். எங்கள் தோழியும் சீருடைக்குள் அதை அணிகிறாள். “இவளுக்கு நல்ல பை ஒன்று பார்த்து வாங்குங்கள்” என்றார் மருத்துவர். நல்ல பை என்றால் எது? அந்தக் கேள்வியிலிருந்தே இக்கட்டுரை பிறந்தது.

வேட்டைக்காரரும் தச்சரும்

முதுகில் மாட்டும் பையின் வரலாற்றைத் தேடினோம். நார்வே நாட்டைச் சேர்ந்த ஓலே பெர்கன் என்பவர் 1908ஆம் ஆண்டில் வேட்டைக்குச் சென்றபோது, முதுகில் தொங்கிய பை உறுத்தியதால் மிகவும் வருந்தினாராம். வளைந்த மரக்கிளை ஒன்றைத் தம் முதுகின் வடிவுக்கு ஏற்பப் பொருத்தி, அதன்மேல் பையைக் கட்டிப் பார்த்தார் என்பர். அதிலிருந்து உருவான சட்டமிட்ட பைக்கு 1909இல் காப்புரிமை பெற்றார். பின்னர் 1952இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிக் கெல்டி என்ற தச்சர், மலையேறுவோருக்காக அலுமினியச் சட்டமிட்ட பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். சட்டத்தின் அடிமுனைகளைக் காற்சட்டைப் பைகளில் செருகினால் தோளின் பாரம் இடுப்புக்கு இறங்கிவிடுவதைக் கண்டதே இடுப்புப் பட்டைக்கு வழிகாட்டியது என்று கூறுவர்.

இவ்விருவரும் கண்டது ஒன்றே. முதுகு பைக்காக வளையக்கூடாது. பைதான் முதுகுக்காக வளைய வேண்டும். காட்டில் வேட்டையாடுகிறவருக்குப் பொருந்தும் இவ்விதி, கணக்கு நோட்டுச் சுமக்கிற நமக்குப் பொருந்தாதா?

முதலில் எடை பார்த்தோம்

பத்தாம் வகுப்புத் தொடங்கியதும் நாங்கள் உடற்கல்வி அறையிலுள்ள எடை பார்க்கும் இயந்திரத்தில் முதலில் பையோடும், பிறகு பையில்லாமலும் ஏறி நின்றோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே பையின் எடை. வீட்டிலும் பெற்றோர் இப்படிப் பார்க்கலாம். எங்களில் மிகக் குறைந்த பை ஐந்தரை கிலோ; மிகக் கனமானது எட்டு கிலோ. எங்கள் தோழியின் எடை 42 கிலோ. அவள் பையோ 7 கிலோ!

இந்தக் கவலை நமக்கு முன்பே பெரியவர்களுக்கு வந்திருக்கிறது. எழுத்தாளர் ஆர். கே. நாராயண் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989இல் அங்கே பிள்ளைகளின் புத்தகச் சுமையைப் பற்றியே பேசினார். பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993இல் சுமையற்ற கற்றலைப் பற்றி அறிக்கை தந்தது. தமிழ்நாட்டில் 2012இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை கொண்டுவரப்பட்டு, புத்தகங்கள் பருவத்துக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டன. பொதுத்தேர்வு எழுதும் எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அது இரண்டரை முதல் நாலரை கிலோ வரை. அக்கணக்கின்படி எங்கள் தோழி சுமக்க வேண்டியது 4 கிலோ 200 கிராமுக்குள்.

பையைக் கவிழ்த்துப் பார்த்தோம். ஒரு லிட்டர் தண்ணீர் மட்டுமே ஒரு கிலோ. அதைச் சுமக்கும் எவர்சில்வர் பாட்டில் வேறு. சென்ற ஆண்டின் அட்லஸ் இருந்தது. எழுதி முடித்த நோட்டுகள் மூன்று இருந்தன. மழையில்லாத மாதத்தில் குடையும் இருந்தது! ஒரு பாடத்தையும் விடாமலே ஒன்றரை கிலோ குறைந்துவிட்டது. பள்ளியில் நல்ல குடிநீர் இருப்பதால் அரை லிட்டர் பாட்டிலே போதும் என்று தெரிந்துகொண்டோம்.

கடைவீதியில் கற்ற பாடம்

அவளும் அவளுடைய அம்மாவும் பை வாங்கப் போனபோது எங்களில் மூவர் உடன் சென்றோம். முதல் கடையில் பைகள் எல்லாம் புஷ்டியாக, அழகாக நின்றன. “இதுதான் பாப்பா புது மாடல். எத்தனை புக் வேணும்னாலும் தாங்கும்” என்றார் கடைக்காரர். உள்ளே கை விட்டுப் பார்த்தால், எல்லாம் கசக்கித் திணித்த பழைய செய்தித்தாள்! அதை எடுத்துவிட்டு, நாங்கள் கொண்டுபோயிருந்த புத்தகங்களை வைத்தோம். பை அடியில் தொங்கி, முதுகைவிட்டு விலகி நின்றது. எனவே பை வாங்கப் போகும்போது புத்தகங்களையும் எடுத்துச் செல்லுங்கள். வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

நாங்கள் கவனித்தவை இவை:

1. அளவு. பையின் அகலம் முதுகின் அகலத்தைத் தாண்டக்கூடாது. அதன் அடிப்பாகம் இடுப்புக்குக் கீழே நான்கு அங்குலத்துக்குமேல் இறங்கக்கூடாது. “வளருகிற பிள்ளை, பெரியதாகவே வாங்குவோம்” என்பது பாவாடைக்குச் சரி, பைக்குச் சரியன்று. பெரிய பையில் இடம் இருந்தால் பொருளும் தானே வந்து சேரும்.

2. தோள்பட்டைகள். இரண்டு பட்டைகள் வேண்டும். இரண்டையும் மாட்டவும் வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு அங்குலமாவது அகலமாக, உள்ளே மெத்தை வைத்ததாக இருக்கட்டும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது என்று நாம் படித்திருக்கிறோம். பட்டையின் பரப்பு இருமடங்கானால் தோளில் படும் அழுத்தம் பாதியாகும்.

3. முதுகோடு ஒட்டியிருத்தல். இவ்வாண்டு அறிவியலில் விசையின் திருப்புத்திறன் படிக்கிறோம். அதே சுமை முதுகைவிட்டு விலக விலக, நம்மைப் பின்னோக்கிச் சாய்க்கும் திறன் கூடுகிறது. அதை ஈடுசெய்யவே நாம் முன்னால் குனிந்து நடக்கிறோம். ஆகவே பட்டைகளை இழுத்து இறுக்கும் வசதி வேண்டும். கனமான புத்தகங்களை முதுகை ஒட்டிய அறையில் வைத்து, சாப்பாட்டு டப்பாவையும் பென்சில் பெட்டியையும் முன்னறையில் வைக்க வேண்டும்.

4. பையின் சொந்த எடை. ரெக்ஸின் பைகளும் இரும்பு வளையம் வைத்தவையும் வெறுமையாகவே கனத்தன. நாங்கள் நைலான் துணிப் பையையே தேர்ந்தோம்.

5. இடுப்புப் பட்டை, மார்புப் பட்டை. இடுப்புப் பட்டை பாரத்தின் ஒரு பங்கை இடுப்பெலும்புக்கு இறக்கிவிடும். மார்புப் பட்டை தோள்பட்டைகள் நழுவாமல் காக்கும். ஆனால் எல்லாருக்கும் எல்லாம் பொருந்துவதில்லை. எங்கள் தோழி பிரேஸ் அணிந்தபடியே மாட்டிப் பார்த்தாள். இரண்டு பைகளின் பட்டைகள் அக்குளருகே பிரேஸின் விளிம்பில் உரசின. மூன்றாவது கடையில்தான் உரசாத பை கிடைத்தது. அங்கே அவள் பத்து நிமிடம் முன்னும் பின்னும் நடந்து பார்த்தாள். கடைக்காரர் பொறுமையாக இருந்தார்.

சக்கரம் வைத்த பையையும் பார்த்தோம். நம் பள்ளியிலோ வகுப்பு இரண்டாம் மாடியில் இருக்கிறது. படியேறும்போது அதை ஒரு கையால் தூக்க வேண்டும். எனவே விட்டுவிட்டோம்.

மாட்டும் முறை

நல்ல பையையும் தவறாகத் தூக்கினால் தீங்கே. தரையிலுள்ள பையை இடுப்பை வளைத்து வெடுக்கென்று இழுத்து ஒரு தோளில் வீசுகிறோம் அல்லவா? அதை விட வேண்டும். பையை மேசைமேல் வைத்து, முதுகைக் காட்டி நின்று, இரண்டு பட்டைகளையும் மாட்டிக்கொண்டு எழ வேண்டும். தரையிலிருந்து எடுக்க நேர்ந்தால் முழங்காலை மடக்கி எடுக்க வேண்டும்.

இதைப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புளியமரத்தடிக் கல் எங்கள் நினைவுக்கு வந்தது. குனியாமல் இறக்கவும், குனியாமல் ஏற்றவும் ஏற்ற உயரத்தில் அன்றைய மக்கள் அதை நட்டிருக்கிறார்கள்! இப்போது பேருந்துக்கு நிற்கும் நேரத்தில் எங்கள் பைகளை அதன்மேல்தான் வைக்கிறோம்.

வகுப்பு செய்தது

எங்கள் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடம் நாங்கள் சென்று கேட்டதும், வகுப்பறைக்குப் பழைய அலமாரி ஒன்றைத் தந்தார்கள். செய்முறைப் பதிவேடுகளும் வரைபட ஏடுகளும் இப்போது அங்கேயே தங்குகின்றன. பக்கத்தில் அமரும் இருவர் பேசிவைத்து, ஒருத்தி சமூக அறிவியல் புத்தகமும் மற்றவள் அறிவியல் புத்தகமும் கொண்டுவருகிறோம். எங்கள் தோழியின் பை இன்று நான்கு கிலோவுக்குள் நிற்கிறது. மற்றவர்களின் பைகளும் இளைத்துவிட்டன.

தொடக்கத்தில் அவள் பையை நாங்கள் முறை வைத்துத் தூக்கி வர முன்வந்தோம். அவள் சம்மதிக்கவில்லை. “என் பையை நானே தூக்குவேன். தூக்க முடிகிற பையாக இருந்தால் போதும்” என்றாள். அப்போது எங்களுக்குச் சற்று வருத்தமாக இருந்தது. இப்போது புரிகிறது. சுமைதாங்கி எவருடைய சுமையையும் ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. அது சரியான உயரத்தில் நிற்கிறது, அவ்வளவே.

தோழியரே! உங்களில் எவருக்கேனும் ஒரு தோள் உயர்ந்திருந்தால், ஒரு தோள்பட்டை எலும்பு துருத்தியிருந்தால், குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால், மறைக்காதீர்கள். அம்மாவிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள். பெற்றோரே! “நேராக நில்” என்று அதட்டும் முன், அவளால் நேராக நிற்க முடிகிறதா என்று ஒரு முறை பாருங்கள். வளர்ச்சி முடியுமுன் கண்டுகொண்டால் செய்வதற்கு வழி உண்டு.

எங்கள் தோழி இப்போது பையை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு வருகிறாள். வலது தோள் இன்னும் சற்று உயர்ந்தே இருக்கிறது. அதை அவள் மறைப்பதில்லை.

– பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு