பெருங்குடல் புற்றுநோய்: திறந்த அறுவையா, துளை வழியா, ரோபோவா?

பெருங்குடலில் புற்றுநோய் என்று பயாப்ஸி அறிக்கை வந்ததும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "வயிற்றைக் கிழிக்காமல் செய்ய முடியுமா டாக்டர்?" என்பதைத்தான். பலருக்கு முடியும். ஆனால் வெளியே தெரியும் தழும்பின் நீளத்தைவிட, உள்ளே எதை, எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதே நோயாளிக்கு முக்கியம். இதை மனதில் வைத்துக்கொண்டால், விளம்பரங்களில் வரும் ரோபோ படங்களைக் கண்டு மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம்.

உள்ளே செய்யும் வேலை

கட்டி இருக்கும் குடல் பகுதியை, இருபுறமும் சில சென்டிமீட்டர் நல்ல குடலோடு சேர்த்து வெட்டுவார்கள். அந்தப் பகுதிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயை அதன் தொடக்கத்திலேயே கட்டி, அதை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளையும் குடலைத் தாங்கும் சவ்வையும் ஒன்றாக எடுக்க வேண்டும். நோய் பெரும்பாலும் முதலில் பரவுவது அந்த முடிச்சுகளுக்குத்தான். குறைந்தது 12 முடிச்சுகளைப் பரிசோதித்தால்தான் நோயின் நிலையை நம்பிக்கையோடு சொல்ல முடியும். பிறகு குடலின் இரு முனைகளையும் ஸ்டேப்ளராலோ தையலாலோ இணைப்பார்கள். எந்த முறையில் செய்தாலும் இந்த வேலை மாறுவதில்லை.

லேப்ராஸ்கோப்பி கடந்து வந்த சந்தேகம்

வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பவைத்து, நான்கைந்து சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் நுழைத்துச் செய்வது லேப்ராஸ்கோப்பி. வெட்டிய குடலை வெளியே எடுக்க மட்டும் ஐந்து சென்டிமீட்டர் அளவில் ஒரு கீறல் தேவைப்படும்.

பெருங்குடலை இப்படி அகற்றியது பற்றிய முதல் மருத்துவக் கட்டுரை 1991இல் வந்தது. வந்த வேகத்திலேயே அச்சமும் வந்தது. துளை போட்ட இடத்திலேயே சிலருக்குப் புற்றுநோய் மீண்டும் முளைத்தது. புற்றணுக்களைக் கருவியே சிதறவைக்கிறதா என்று பல அறுவை நிபுணர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. நோயாளிகளைக் காத்ததும் அதுதான்.

பதில் சொன்னவற்றுள் முக்கியமானது, 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு. 872 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பியது லேப்ராஸ்கோப்பியில் 16 சதவீதம் பேருக்கு, திறந்த அறுவையில் 18 சதவீதம் பேருக்கு. கீறிய இடத்தில் நோய் வந்தது இரு பிரிவிலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மருத்துவமனையில் இருந்த நாட்கள் ஆறிலிருந்து ஐந்தாகக் குறைந்தன. வலி மாத்திரையின் தேவையும் குறைந்தது. ஒரு நாள்தானே என்று தோன்றலாம். ஆனால் கீமோதெரபி தேவைப்படுபவருக்கு, அறுவைக்குப் பின் எட்டு வாரங்களுக்குள் அதைத் தொடங்குவது நல்லது. உடல் சீக்கிரம் தேறினால் அதற்கு வழி பிறக்கும்.

ரோபோ கூடுதலாகத் தருவது

ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கும் மருத்துவரின் கை அசைவைத்தான் அதன் கைகள் செய்கின்றன. முப்பரிமாணக் காட்சி, மணிக்கட்டுபோல் வளையும் கருவி, நடுங்காத பிடி ஆகியவை அதன் பலம். இடுப்பெலும்புக்குள் ஆழத்தில், இடுக்கான இடத்தில் இருக்கும் மலக்குடலுக்கு இது உதவுகிறது. அங்கேகூட 2017இல் வெளியான, 471 பேர் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வில், நடுவில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது ரோபோவில் 8.1 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 12.2 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்பதே புள்ளியியல் முடிவு. இடம் விசாலமாக உள்ள பெருங்குடலுக்கு இரண்டுமே பலன் தருகின்றன. ரோபோவுக்கு நேரமும் செலவும் கூடும். என் கருத்தில், ரோபோவுக்காக நகையை அடகு வைப்பது தேவையற்றது. நூற்றுக்கணக்கில் லேப்ராஸ்கோப்பி செய்த கை உங்கள் ஊரிலேயே இருந்தால் தயங்காமல் அங்கே போகலாம்.

திறந்த அறுவை தேவைப்படும் இடங்கள்

கட்டி பக்கத்து உறுப்புகளில் ஒட்டியிருந்தால், குடல் அடைத்து உப்பியிருந்தால், முந்தைய அறுவைகளால் உள்ளே ஒட்டுதல்கள் அதிகம் இருந்தால் திறந்து செய்வதே பாதுகாப்பு. துளை வழியே தொடங்கி நடுவில் திறப்பதும் உண்டு. மேலே சொன்ன 2004 ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு அப்படி நேர்ந்தது. அதைத் தோல்வியாக நினைக்கக் கூடாது. சரியான நேரத்தில் திறக்கத் துணிபவரே நல்ல அறுவை நிபுணர்.

மறுமுனையில், குடலின் மேற்பரப்போடு நிற்கும் மிக ஆரம்பக் கட்டப் புற்றைக் கீறலே இல்லாமல் கொலனோஸ்கோப்பி வழியாக அகற்ற முடியும். மலத்தில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, மூலம் என்று நாமாகவே முடிவுகட்டி மாதக்கணக்கில் களிம்பு தடவுவதால்தான் பலர் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? குடல் இணைப்பில் கசிவு எத்தனை பேருக்கு வந்தது? நடுவில் திறக்க நேர்ந்தால் செலவு எவ்வளவு கூடும்? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. அறுவை முடிந்தபின் நோயியல் அறிக்கையின் நகலை வாங்கி, எத்தனை நிணநீர் முடிச்சுகள் பரிசோதிக்கப்பட்டன, வெட்டிய ஓரங்களில் புற்று உள்ளதா என்று பாருங்கள். எண்ணிக்கை 12க்குக் குறைவாக இருந்தால், ஏன் என்று கேட்டு, கீமோதெரபி பற்றிப் புற்றுநோய் மருத்துவரிடம் அந்த நகலோடு பேசுங்கள்.